நாற்பத்தைந்து நொடியில் என் பங்கு

மார்ச் 5, வியாழன்

விளையாட்டுப் பகுதியில் வீடியோ வெட்டுகிறவர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர் தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. உங்கள் பத்திரிகையின் இணையப் பக்கத்தில் வீடியோவுக்குக் கீழே கருத்து எழுதும் இடத்தை மூடிவிட்டீர்கள். மின்னஞ்சல் அனுப்பலாம் என்றால், எனக்கு அதை உண்டாக்கிக் கொடுத்தவர் என் மூத்த மாப்பிள்ளை. கடவுச்சொல்லும் அவரிடம்தான். நான் எழுதி முடிப்பதற்குள் அவர் படித்து முடித்துவிடுவார். போன் போட்டால் நடுவில் யாராவது கூட்டிப் பெருக்குகிறவர் எடுத்து "சார் வெளிய போயிருக்காங்க" என்பார். ஆகவே தாள், பேனா, தபால்தலை.

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய் மதியம் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சி வீடியோ போட்டிருந்தீர்கள். முப்பத்தொன்பதாவது நொடியில், ஓரமாக, 31 என்று போட்ட சட்டையில் ஒரு பெண் கடந்து போகிறாள். மாற்று கோல்கீப்பர். அவள் இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருந்தது. காயக்கட்டா? வெறும் பட்டையா? நிறுத்திப் பார்ப்பதற்குள் எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். வழக்கமாகப் போட்ட அன்றே பார்த்துவிடுவேன். இந்தத் தடவை மறுநாள் சாயங்காலம் திறந்தால் வீடியோவே இல்லை. "இப்பக்கம் அகற்றப்பட்டது" என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டி.

போட்டதை ஏன் எடுத்தீர்கள்? கொடுத்துவிட்டுப் பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? அந்தப் பெண் எனக்குத் தெரிந்த ஒருவருடைய மகள். அவர் கவலைப்படுகிறார். பதில் போடவும். வீட்டு முகவரிக்கு வேண்டாம், மேலே உள்ள பட்டறை முகவரிக்கு.

லிஃப்ட் மெக்கானிக்

*

மார்ச் 9, திங்கள்

ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. கால்பந்து லீக்கின் ஊடக விதிகளின்படி, பயிற்சியின் முதல் பதினைந்து நிமிடத்தை மட்டுமே நாங்கள் படம் பிடிக்கலாம். அதிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பத்தைந்து நொடிக்கு மிகாமல் எங்கள் இணையப் பக்கத்தில் மட்டும் வெளியிடலாம். இருபத்து நான்கு மணி நேரத்தில் அகற்ற வேண்டும். மூலப் பதிவையும் அழிக்க வேண்டும். போட்டிக் காட்சிகள் முழுவதும் தொலைக்காட்சி உரிமை வாங்கிய நிறுவனத்துக்கே சொந்தம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.

மேலே உள்ளது அலுவலகத்தில் எல்லாருக்கும் அனுப்பும் பதில். இனி நான் எழுதுவது. ஐயா, நான் பெண்தான். லீக் ஆபீசில் ஒரு அம்மா நிறுத்துக்கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் நாற்பத்தேழு நொடி போய்விட்டது. இரண்டு நொடிக்கு இரண்டு பக்கக் கடிதம் வந்தது. நான் போட்டு, நானே எடுத்து, நானே அழிக்கிறேன். கோலம் போட்ட கையாலேயே அதை அழிக்கிற உத்தியோகம்.

31 எனக்கு நினைவே இல்லை. பார்க்கலாம் என்றால் அதை அழித்து ஐந்து நாள் ஆகிறது. நாளைக்குக் கண்ணில் பட்டால் மணிக்கட்டைக் கவனித்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த அந்த ஒருவரிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வீடியோ வெட்டுகிறவள்

*

மார்ச் 12, வியாழன்

அம்மா,

பதிலுக்கு நன்றி. பத்தாம் தேதி வீடியோ பார்த்தேன். நாற்பத்தைந்து நொடியில் பதினொரு நொடி பயிற்சியாளர் வாய். ஒன்பது நொடி புல். யாரோ பந்து மூட்டையைத் தூக்கிப் போவது ஆறு நொடி. 31 வரவே இல்லை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பார்கள், நீங்கள் அந்தப் பொரியிலும் உமியாகப் பொறுக்கிப் போடுகிறீர்கள்.

சரி, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நாள் மறைப்பது? அவள் என் மகள். இளையவள். வீட்டில் அவளை வாலு என்போம்.

நாலு வருஷமாக அவளோடு பேச்சில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பந்து பிடிக்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். கூடவே ஒப்பந்தத் தாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். கடைசியில், "இந்தப் படியத் தாண்டினா நீ எனக்குப் பொண்ணே இல்ல, நான் உனக்கு அப்பனும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு தாண்டிவிட்டாள். அப்படியே போய்விடுவாள் என்று எனக்கென்ன தெரியும்? இரண்டு நாளில் திரும்பி வருவாள் என்று ராத்திரி கதவைத் தாழ் போடாமல் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறேன். என் மனைவி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கெட்டிக்காரி, ஆனால் வாயில்லாப் பூச்சி. போட்ட சட்டத்தை நானே எப்படி மீறுவது? அதனால் பட்டறையில் ஒளிந்து பார்க்கிறேன். மாற்று கோல்கீப்பர் என்பதால் தொலைக்காட்சியில் அவள் வருவதே இல்லை. உங்கள் நாற்பத்தைந்து நொடியை விட்டால் எனக்கு வேறு கதியில்லை.

அந்தக் கை என்ன ஆயிற்று என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சாப்பிட உட்கார்ந்தால் அந்த வெள்ளைதான் கண்ணில் நிற்கிறது.

லிஃப்ட் மெக்கானிக்

*

மார்ச் 18, புதன்

ஐயா,

நேற்று நானே கேமராக்காரரோடு மைதானத்துக்குப் போனேன். மணிக்கட்டில் இருப்பது ஒட்டும் பட்டை. கோல்கீப்பர்கள் எல்லாருமே சுற்றிக்கொள்கிறார்கள். உங்கள் மகளுக்கு மட்டும் இரண்டு சுற்று கூடுதல். கேமராக்காரர் கேட்டாராம், "பழைய சுளுக்கு, இப்ப பரவால்ல" என்று சொன்னாளாம். நான் பேசவில்லை. பேசினால் என்னவென்று சொல்வது?

நேற்றைய வீடியோவில் நாலு நொடி 31 வைத்திருக்கிறேன். பார்த்திருப்பீர்கள். பயிற்சியாளர் வாயைப் பாதியாகக் குறைத்துவிட்டேன், உங்கள் திருப்திக்கு.

ஒன்று சொல்லட்டுமா? ஆறு வருஷமாக வெட்டுகிறேன். எனக்கு வருவதெல்லாம், "இதுக்கு ஒரு வீடியோவா" என்பதும் அதற்கு மேலான வசவும்தான். கருத்துப் பெட்டியை மூடியதே அதற்காக. ஒரு மனிதர் என் வேலையை நொடி நொடியாகப் பார்க்கிறார், புல் ஒன்பது நொடி என்று எண்ணுகிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி செவ்வாய் இரண்டு மணிக்குப் போடுகிறேன். புதன் இரண்டு மணிக்கு எடுப்பேன். அதற்குள் எந்த மாடியில் எந்த லிஃப்ட் நின்றாலும் பார்த்துவிடுங்கள்.

வீடியோ வெட்டுகிறவள்

*

மார்ச் 27, வெள்ளி

அம்மா,

பதினேழாம் தேதி: இருபத்திரண்டாவது நொடியில் தண்ணீர் குடிக்கிறாள். பாதியைக் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்கிறாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். சளி பிடிக்கும் என்று சொன்னால் கேட்கிற ஜென்மமா?

இருபத்து நாலாம் தேதி: ஒன்பதாவது நொடியில் ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு முடியைக் கட்டுகிறாள். ஐந்து நொடி. முடியை ரொம்பக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். இதை நான் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே, லிஃப்ட் பெட்டிக்கு மேலே உட்கார்ந்து பார்த்தேன். உள்ளே ஒருத்தர் மாட்டிக்கொண்டிருந்தார். "என்னங்க ஆச்சு, சத்தத்தையே காணோம்?" என்று கேட்டார். "ஒரு நிமிஷம், பாகம் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றேன். பொய்யில்லை, அவளும் என்னில் ஒரு பாகம்தானே.

ஆனால் ஒரு சந்தேகம் குடைகிறது. இரண்டு வீடியோவிலும் பாட்டிலைத் தூக்குவது, முடியை இழுத்துக் கட்டுவது எல்லாம் வலது கைதான். இடது கை சும்மா துணைக்கு வருகிறது. ஒரு சக்கரத்துக்கு வலித்தால் எடையை இன்னொன்று வாங்கிக்கொள்ளும். இது என் தொழிலில் தினமும் பார்ப்பது. கேமராக்காரரிடம் பரவாயில்லை என்று சொன்னாள் என்றால் எதற்காகச் சொன்னாளோ? வலிக்கிறது என்றால் அணியில் வைத்திருப்பார்களா?

அவள் இடது பக்கம் பாய்ந்து விழுவது ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். கேட்பது அதிகம் என்று தெரியும். கேட்காமல் இருக்க முடியவில்லை.

லிஃப்ட் மெக்கானிக்

*

ஏப்ரல் 3, வெள்ளி

ஐயா,

முப்பத்தொன்றாம் தேதி முயன்றேன். முதல் பதினைந்து நிமிடமும் ஓட்டமும் கைகால் நீட்டுவதும்தான். பாய்வது, விழுவதெல்லாம் அதற்குப் பிறகு. அப்போது எங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கையசைப்பது மூன்று நொடிதான் கிடைத்தது.

வருகிற செவ்வாய் எப்படியாவது பார்க்கிறேன். நீங்கள் கேட்டதிலிருந்து எனக்கும் அந்தக் கை உறுத்துகிறது. போன வாரம் வேறு ஒரு அணியின் வீடியோவை வெட்டும்போதுகூட கோல்கீப்பரின் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் வியாதி எனக்கும் தொற்றிக்கொண்டது.

வீடியோ வெட்டுகிறவள்

*

ஏப்ரல் 9, வியாழன்
(கூரியரில்)

ஐயா,

அவசரமாக எழுதுகிறேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்துவிட்டது.

செவ்வாய் வீடியோவில் உங்கள் மகள் இடது பக்கம் பாய்ந்து பந்தைப் பிடித்ததைப் பார்த்திருப்பீர்கள். கை நன்றாக இருக்கிறது, எழுந்து சிரித்தாள். அந்த ஆறு நொடி பதினேழாவது நிமிடத்தில் எடுத்தது. கேமராக்காரர் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார், கேமரா முக்காலியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நேரத்தைப் பார்த்தேன். பதினைந்து தாண்டியது தெரிந்துதான் போட்டேன். ஆறு நொடியில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

அவளுக்கு முன்னால் நின்ற நாலு பேரை நான் கவனிக்கவில்லை. அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆடும் முதல் வரிசைத் தடுப்பாளர்கள். முதல் கோல்கீப்பருக்குத் தொடையில் அடியாம். கிளப் அதை மூடி வைத்திருந்தது. இந்த ஞாயிறு உங்கள் மகளை இறக்கப் போகிறார்கள் என்பதும் ரகசியம். வீடியோ போய் ஒரு மணி நேரத்தில் ரசிகர்கள் எல்லாவற்றையும் கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள்.

லீக் எங்கள் அனுமதியைச் சீசன் முடியும்வரை நிறுத்திவிட்டது. அது என் தலைவலி. ஆனால் கிளப் வேறு கேள்வி கேட்கிறது: நாலு வாரமாக இந்தப் பத்திரிகை ஏன் விடாமல் 31ஐயே காட்டுகிறது? அவள்தான் உள் விஷயத்தை வெளியே சொல்லித் தனக்கு விளம்பரம் தேடுகிறாள் என்கிறார்கள். இந்த ஞாயிறு அவளை ஆட்டத்திலிருந்து எடுத்தாயிற்று. திங்கள் விசாரணை. குற்றம் என்று முடிவானால் ஒப்பந்தம் ரத்து.

பழைய வீடியோக்களைக் காட்டு என்று லீக் கேட்கிறது. அவற்றில் தண்ணீர் குடிப்பதும் முடி கட்டுவதும் தவிர ஒன்றுமில்லை என்று காட்டினாலே பாதிச் சந்தேகம் போய்விடும். எதைக் காட்டுவது? அவர்கள் விதிப்படி எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். எந்த வீடியோவில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்பதற்கு இன்றைக்கு உலகத்தில் இருக்கிற ஒரே சாட்சி உங்கள் கடிதங்கள்.

அவற்றை விசாரணையில் காட்ட அனுமதி கொடுங்கள். அவள் படிப்பாள் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், இல்லாவிட்டால் கேட்காமலே காட்டியிருப்பேன்.

வீடியோ வெட்டுகிறவள்

*

ஏப்ரல் 10, வெள்ளி

அம்மா,

முடியாது.

உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பியதை ஊர் நடுவில் பிரித்துப் படிப்பீர்களா? கதவைத் தாழ் போடாமல் கிடந்தேன் என்று எழுதியிருக்கிறேன். பட்டறையில் திருடன் மாதிரி ஒளிந்து பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறேன். அதையெல்லாம் கோட்டுப் போட்ட நாலு பேர் படிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டுமா? நாலு வருஷம் விறைப்பாக இருந்தது இதற்குத்தானா?

கேட்டது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். பதினைந்து நிமிடம் தாண்டி எடுத்துப் போடு என்று நான் சொன்னேனா? தெரிந்தே போட்டேன் என்று நீங்களே எழுதுகிறீர்கள். படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் செய்கிற காரியமா இது? என் பெண் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு என்னிடம் அனுமதி கேட்கிறீர்கள்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

லிஃப்ட் மெக்கானிக்

*

ஏப்ரல் 11, சனி
(கூரியரில்)

அம்மா,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். கிழிக்காவிட்டாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்துக் காட்டுங்கள். எல்லாவற்றையும் காட்டுங்கள்.

நாளைக்கு அவள் ஆடியிருக்க வேண்டிய ஆட்டம். நாலு வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தது இந்த ஒரு ஞாயிற்றுக்காக. போகாதே என்று சொன்னபோது அவள் நிற்கவில்லை. நான் வாயால் தடுத்து முடியாததைக் கண்ணால் பார்த்தே தடுத்துவிட்டேன். இன்று காலையில் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்ய வந்தேன் என்றே தெரியாமல் நின்றேன். முப்பது வருஷத்தில் இப்படி நின்றதில்லை.

உங்கள் மேல் பாய்ந்ததற்கு மன்னிக்கவும்.

லிஃப்ட் மெக்கானிக்

*

ஏப்ரல் 13, திங்கள்
(கூரியரில்)

ஐயா,

நீங்கள் அனுமதித்தபடி ஐந்து கடிதங்களையும் கொண்டு போனேன். வீடியோ வெட்டியது நான், தேர்ந்தெடுத்தது நான், காரணம் இவை என்று மேஜையில் வைத்தேன். லீக் அதிகாரி படித்துவிட்டு கிளப் மேலாளரிடம் தள்ளினார். மேலாளர் உங்கள் மகளிடம் தள்ளினார்.

முதல் தாளை எடுத்துப் பார்த்தாள். கையெழுத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, எனக்கு அது அவள் முகத்தில் தெரிந்தது. மேலே படிக்கவில்லை. மடித்து வைத்துவிட்டாள்.

"இது உங்க அப்பா எழுதினதா?" என்று அதிகாரி கேட்டார்.

"எனக்கு அப்பா இல்லைங்க" என்றாள்.

அவ்வளவுதான். அப்பாவே இல்லாத பெண்ணுக்கு அப்பா எழுதிய கடிதம் எங்கிருந்து வந்தது என்று மேலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானே உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்ததாக நினைக்கிறார். உங்களுக்கு இதை எழுதக் கை வரவில்லை. எழுதாமல் மறைத்தால் வியாழக்கிழமை கைவிட்டுப் போகும். வியாழன் காலை பத்து மணிக்குக் கடைசி விசாரணை, கிளப் அலுவலகம், இரண்டாவது மாடி.

அவள் மேல் கோபப்படாதீர்கள். அதைச் சொல்லும்போது அவள் குரல் சாதாரணமாக இல்லை.

வீடியோ வெட்டுகிறவள்

*

ஏப்ரல் 17, வெள்ளி
(கூரியரில்)

அம்மா,

நேற்று உங்களை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். நான் வெளியே வந்ததும் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ்ஸைப் பிடித்து ஓடிவிட்டேன். நாலு மணி நேரமும் நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடம் இருந்தும். இப்போது சொல்கிறேன்.

உள்ளே மூன்று பேர். அவள் ஜன்னல் பக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். நான் நின்றேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி. கடிதம் எழுதியவன் என்றேன். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த உறவை வெட்டிப் போட்டது நான். கூசாமல் எப்படிச் சொல்லிக்கொள்வது?

"நீங்கதான் எழுதினீங்கன்னு எப்படி நம்புறது? வீடியோ ஒண்ணும் இல்ல, எழுதினதுல இருக்கிறத யார் வேணும்னாலும் மனப்பாடம் பண்ணிட்டு வந்து சொல்லலாம்" என்றார் மேலாளர்.

"எழுதாததையும் சொல்லட்டுமா?" என்றேன். சொன்னேன். போன அக்டோபரிலிருந்து ஆரம்பித்தேன். எந்த செவ்வாய், எத்தனையாவது நொடி, என்ன செய்தாள். நவம்பரில் ஒரு நாள் கம்பத்தில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டது. டிசம்பரில் கறுப்புச் சட்டை போட்ட பெண் என்னவோ சொல்ல, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஜனவரியில் மூன்று வாரம் வரவே இல்லாதது. அப்போது அவளுக்குக் காய்ச்சலோ, வேறு என்னவோ என்று நான் கிடந்து தவித்தது. பிப்ரவரியில் திரும்ப வந்தபோது இளைத்திருந்தது. லீக் அதிகாரி ஏதோ பழைய பட்டியலைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்த நிறுத்துக்கடிகார அம்மா ஒவ்வொரு வீடியோவையும் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறாராம். நேரம் ஒத்துப்போனது. நடுவில் அவர் நிறுத்தச் சொன்னார். எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

அப்போது நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வாலு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டாள். போட்டுவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேலாளர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

நான் உட்கார்ந்தேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் கக்கிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, "ஜனவரில டைபாய்டு. நான்தான் போய் மூணு வாரம் பாத்துக்கிட்டேன். எங்க அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டுப் போனேனே" என்றாள். வாயில்லாப் பூச்சி! நாலு வருஷமாகத் தினமும் பேசுகிறார்களாம். மூத்தவளும் பேசுகிறாள். மாப்பிள்ளை போய்ப் பார்த்துவிட்டே வந்திருக்கிறார். என் சட்டத்தை இந்த வீட்டில் ஒழுங்காக மதித்தது நான் ஒருத்தன்தான். "நீங்க ஒளிஞ்சு பாக்கறதும் தெரியும். உங்க மானம் உங்களுக்குப் பெரிசாச்சேன்னு விட்டுட்டோம்" என்கிறாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பசிதான் வந்தது. ஒரு வாரம் கழித்து வயிறாரச் சாப்பிட்டேன்.

உங்கள் வேலை என்ன ஆயிற்று? அதைக் கேட்காமல் ஓடி வந்ததுதான் உறுத்துகிறது.

லிஃப்ட் மெக்கானிக்

*

ஏப்ரல் 18, சனி
(கூரியரில்)

ஐயா,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன்: உங்கள் மகள் மேல் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் கோல்கீப்பர் இன்னும் நொண்டுகிறார். நாளைக்கு 31 ஆடுகிறாள். இந்தத் தடவை இது ரகசியம் இல்லை, எல்லாப் பத்திரிகையிலும் வந்திருக்கிறது.

என்னை விளையாட்டுப் பகுதியிலிருந்து நகராட்சிக் கூட்டங்களுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே நேர வரம்பே கிடையாது. நேற்று வடிகால் பற்றிய இரண்டரை மணி நேரப் பேச்சை வெட்டாமல் அப்படியே போட்டேன். ஏழு பேர் பார்த்தார்கள். வேலை போகவில்லையே என்று அம்மா சொல்கிறாள். செய்தது தப்புதான், தண்டனை அளவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் செவ்வாய் இரண்டு மணி ஆனால் கை பரபரக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு மருந்து இல்லை.

நாளை மைதானத்துக்குப் போகிறீர்களா?

வீடியோ வெட்டுகிறவள்

*

ஏப்ரல் 20, திங்கள்

அம்மா,

போகவில்லை. அவள் அம்மாவுக்கு இரண்டு டிக்கெட் அனுப்பியிருந்தாள். இன்னொன்று யாருக்கு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "வரீங்களா?" என்று மனைவி இரண்டு தடவை கேட்டாள். முதல் ஆட்டம், நான் போய் உட்கார்ந்து அவள் கவனம் சிதறி, அதனால் ஒரு பந்து உள்ளே போனால்? ஏற்கெனவே பார்த்துக் கெடுத்தவன் நான். மாப்பிள்ளையை அனுப்பினேன். தொலைக்காட்சியையும் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டிலிருந்த எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டேன். நல்லாயிருந்த கீலுக்கும் போட்டேன்.

மூன்றுக்கு ஒன்று. தோற்றுவிட்டார்கள். சாயங்காலம் இருவரும் வந்ததும் என் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தாள். தொண்ணூறு நிமிட ஆட்டத்தை இரண்டு மணி நேரம் சொன்னாள். மாப்பிள்ளை எழுந்து நின்று எப்படிப் பாய்ந்தாள் என்று நடித்துக் காட்டப்போய் மேஜை விளக்கைத் தட்டிவிட்டார். இடது பக்கம் இரண்டு தடவை பாய்ந்தாளாம்.

அப்போது மனைவியின் போன் அடித்தது. பேசினாள், சிரித்தாள், பிறகு சட்டென்று போனை என் கையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளையும் போய்விட்டார். இவர்கள் இதைப் பேசி வைத்துக்கொண்டு செய்தது எனக்குத் தெரியாதா?

நான் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் ஒரு வேன் போகிற சத்தம், யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் எல்லாம் கேட்டது.

"அன்னைக்கு அங்க வச்சு, எனக்கு அப்பா இல்லன்னு சொல்லிட்டேன்" என்றாள்.

"நான்தானே மொதல்ல சொன்னேன்" என்றேன்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை. என்ன பேசினோம் என்று கேட்காதீர்கள், சொல்ல வராது.

லிஃப்ட் மெக்கானிக்